நாலு குட்டிக் கேமரா, 18 வருஷம்

பீரோவின் கீழ்த்தட்டில் போன மாதம் வரை நான்கு சின்ன டிஜிட்டல் கேமராக்கள் இருந்தன. மூன்று இன்றைக்கும் ஓடுகின்றன. நான்காவது, லென்ஸைப் பாதி நீட்டியபடி செத்துக் கிடக்கிறது. அதன் பெயர் வேண்டாம், கதை மட்டும் பின்னால் வரும்.

முதலில் வந்தது கேனன் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ், 2007-ல். 7 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், சுவர்க் கடிகாரத்தில் போடுகிற மாதிரி டபுள் ஏ பேட்டரி இரண்டு. பெட்டிக்கடை பேட்டரியைப் போட்டால் ஒரு கல்யாண முகூர்த்தம்கூடத் தாங்காது. ஃபிளாஷ் ஒருமுறை அடித்துவிட்டு அடுத்ததற்கு மூச்சு வாங்கும், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். ரீசார்ஜ் ஆகும் பேட்டரி நான்கு வாங்கிய பிறகு அந்தப் பிரச்சினை போயிற்று. அன்றைக்கு இதை மட்டமாக நினைத்தேன். இன்று யோசித்தால் அதன் பெரிய பலமே அந்தப் பேட்டரிதான். ஊருக்குப் போன இடத்தில் சார்ஜர் மறந்தாலும் தெருமுனைக் கடை போதும்.

அடுத்தது கேனன் எஸ்95, 2010-ல் வந்த மாடல். நான் 2012-ல் செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். சட்டைப் பையில் போட்டால் தொங்காது. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், திருப்பினால் டிக் டிக் என்று நிற்கும். அதில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனைக் கூட்டிக் குறைக்கும் எண்ணை, வைத்துக்கொண்டால் மெனுவுக்குள் போகவே வேண்டாம். குறை என்று பார்த்தால் பேட்டரி சின்னது, முழு நாள் கோயில் சுற்றினால் சாயங்காலம் காலி. வீடியோ எடுக்கும்போது ஆப்டிக்கல் ஜூம் நகராது. பழைய பேட்டரி ஓய்ந்தபோது மலிவாக ஒரு டூப்ளிகேட் வாங்கினேன், ஆறே மாதத்தில் அது உள்ளேயே உப்பிக்கொண்டது. உள்ளங்கையில் தட்டித் தட்டி, கடைசியில் செலோடேப் ஒட்டி இழுத்தேன். தனி மாடல் பேட்டரி போடும் கேமராவைப் பழையதாக வாங்குகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, நல்ல பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்பதைத்தான்.

2014-ல் சோனி ஆர்எக்ஸ்100. 2012-ல் இது வந்தபோது எல்லோரும் பேசியது சென்சாரை, அதாவது உள்ளே படத்தைப் பதிகிற சில்லைப் பற்றி. 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது எஸ்95-ல் இருப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் பரப்பு. பேச்சில் மிகையில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு, வீட்டு வாசலில் ஒரே ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த கோலப் படத்தை ஏ3 அளவில் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஆனால் அதே கேமரா அப்பத்தாவின் பாம்படத்தை எடுக்கப் போனபோது திணறியது. ஜூம் போடாவிட்டால் 5 சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம். அவ்வளவு கிட்டே போனால் காது பெரிதாகவும் முகம் கோணலாகவும் வரும், கேமராவின் நிழல் வேறு கன்னத்தில் விழும். சரி என்று தள்ளி நின்று முழு ஜூம் போட்டால் 55 சென்டிமீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. எஸ்95-ல் இந்தத் தூரம் 30 சென்டிமீட்டர். அப்பத்தா "எம்புட்டு நேரம்டா" என்று அலுத்துக்கொள்வதற்குள் பழையதை எடுத்துவந்து முடித்தேன். சென்சார் பெரிதானால் கிட்டத்து ஃபோகஸ் கொஞ்சம் கைவிட்டுப் போகும்.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லாதது. லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்வது எஃப் எண், அது சின்னதானால் வெளிச்சம் அதிகம். எஃப்1.8 லென்ஸ் என்று எழுதியிருப்பது ஜூம் போடாத நிலைக்கு மட்டும். முழு ஜூமில் ஆர்எக்ஸ்100 எஃப்4.9 ஆகிவிடும், உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்குதான். எஸ்95-ம் எஃப்2-ல் தொடங்கி அதே 4.9-ல் முடிகிறது. அதனால் இருட்டில் ஜூம் தொடுவதில்லை, காலால் நடந்து கிட்டே போகிறேன்.

இப்போது செத்தவன் கதை. 14 மடங்கு ஜூம் என்று ஆசைப்பட்டு இடையில் ஒன்று வாங்கியிருந்தேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஆளை ஒதுக்காமல் தூரத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்று நினைப்பு. விடியலுக்கு முன் வைகைக்குள் நிற்கிறேன். சுற்றிலும் சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிப் பிடித்த கைகள். முழு ஜூமில் அந்த இருட்டுக்கு வந்ததெல்லாம் கோடுகோடான வெளிச்சம். சரி, பொழுது புலரட்டும் என்று லென்ஸை நீட்டியபடியே கழுத்தில் தொங்கவிட்டேன். கருப்பசாமி வேஷம் கட்டியவர் ஒருவர் தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் நேராக அதில். தப்பு என்னுடையதுதான், அந்த நாளில் தண்ணீர் படாமல் யார் வீடு திரும்புகிறார்கள்? துடைத்துவிட்டு அணைத்தேன். மணலும் ஈரமுமாகக் கர்ரென்று ஒரு சத்தம், திரையில் லென்ஸ் எரர். சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கலாம்.

குட்டிக் கேமராக்களுக்கு உயிர்நிலை இந்த நீண்டு மடங்கும் குழல்தான். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அந்த அடுக்குகளின் இடுக்கில் தூசி போனால் போதும். ஜூம் கூடினால் பெரும்பாலும் அடுக்கும் கூடும். ஜீன்ஸ் பையில் வெறுமனே போடாமல் துணிப்பையில் போட்டு வைத்தாலே ஆயுசு கூடுகிறது, என் மூன்றும் அப்படித்தான் இருக்கின்றன.

இந்தக் காலத்தில் இது எதற்கு, போனே போதாதா என்று கேட்பவர்களுக்கு: பாதி நேரம் போதும்தான். வெயிலில் திரை தெரியாமல் தடவும்போதுதான் ஏ570-ல் கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னல் நினைவுக்கு வரும். ஓடுகிற குழந்தையை இருட்டில் நிறுத்திவைக்க ஒரு நிஜ ஃபிளாஷ் வேண்டும், போனில் இருப்பது டார்ச்தான்.

அந்த ஏ570-ஐ அக்கா மகள் போன மாதம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "மாமா, சிசிடி கேமராவுல கலரே வேற, பழைய ஆல்பம் மாதிரி இருக்கு" என்கிறாள். சிசிடி என்பது பழைய கேமராக்களில் இருந்த ஒரு வகைச் சென்சார். எனக்கென்னவோ அதில் பாதி, நெற்றியில் பளீரென்று அடிக்கும் ஃபிளாஷின் வேலை என்றுதான் படுகிறது. சொன்னால் கேட்கவா போகிறாள்? ரீசார்ஜ் பேட்டரி நான்கையும் கொடுத்தனுப்பினேன்.

வருகிற சித்திரைக்கு ஆர்எக்ஸ்100-தான். பால் கவர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, லென்ஸுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டும் தயாராக இருக்கிறது.