அவெஞ்சர்ஸ் காட்சிக்குக் காசு கட்ட முதல் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இருக்கும், அவெஞ்சர்ஸ் போன்ற மார்வெல் சூப்பர் ஹீரோப் படங்களின் ரசிகர்கள், முக்கியமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இதைக் கட்டாயம் வாசியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிப் பக்கம் ஒரு வாடகை மண்டபத்தில் அவெஞ்சர்ஸ் ரசிகர் காட்சி என்று ஒன்று நடத்தினார்கள். நான், தம்பி, இரண்டு மச்சான்மார் போனோம். ஆளுக்கு 1,500 ரூபா. 6,000 ரூபாவையும் முற்கூட்டியே வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்கள், போட்டேன். இன்பினிட்டி வோர், அதன் தொடர்ச்சியான எண்ட்கேம் என்ற இரண்டு அவெஞ்சர்ஸ் படங்களும் முழுப்படம், பெரிய திரை என்றுதான் வட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸில் இருந்தது.

எண்ட்கேம் வந்தது 2019 ஏப்ரல் கடைசியில். அதற்குச் சில நாள் முதல்தான் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். அவசரகாலச் சட்டம், ஊரடங்கு என்று இருந்த நேரத்தில் படம் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் வாய் திறக்கவே முடியாது. 2008இல் அயன் மேன் படத்தோடு தொடங்கிய கதையின் முடிவை நான் போனில்தான் பார்த்தேன். தம்பி அப்போது மிகவும் சின்னவன். அவனாவது முதல் தடவையே பெரிய திரையில் பார்க்கட்டும் என்று இத்தனை வருடம் காத்திருந்தேன்.

திரை மங்கலாக இருந்தது, சத்தம் இரைந்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இன்பினிட்டி வோரில் தோர் என்ற நாயகன் திடீரென்று புதுக் கோடரியோடு வக்காண்டா என்ற நாட்டுப் போர்க்களத்தில் வந்து இறங்கினபோது எனக்குப் பகீர் என்றது. அந்தக் கோடரி எப்படி வந்தது என்ற பகுதியையே காணவில்லை! மரம் போன்ற குரூட் தன் கையை வெட்டி அதற்குப் பிடியாகக் கொடுப்பது இல்லை. அதற்கு முதல், தம்பி, தாய், தகப்பன், நண்பன் என்று தான் இழந்தவர்களை எல்லாம் தோர் தன்னோடு வரும் ரொக்கெட்டிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்து, கண் கலங்கி நிற்பதும் இல்லை. வில்லன் தானோஸ், தான் மகளாக எடுத்து வளர்க்கப்போகும் சின்னக் கமோராவுக்குத் தன் விரலில் கத்தியை நிறுத்திக் காட்டும் கட்டமும் இல்லை. பிறகு அவளைத் தள்ளிவிடும்போது அவன் அழுகிறான். தம்பி என்னைப் பார்த்து, "இவன் ஏன் அண்ணா அழுறான்?" என்று கேட்டான். என்ன சொல்வது?

2012இல் வந்த முதல் அவெஞ்சர்ஸில் ஆறு பேர்தான். அவர்களில் பெரும்பாலானோரை அதற்கு முதல் வந்த ஐந்து படங்களில் நாங்கள் பார்த்துப் பழகியிருந்தோம். இன்பினிட்டி வோரில் இருபது பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் அடிபாடு.

எண்ட்கேமில் இன்னும் மோசம். முதல் ஒரு மணித்தியாலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. தானோஸால் மறைந்துபோனவர்களின் பெயர் பொறித்த கற்களுக்கு நடுவே ஸ்கொட் லாங் என்ற நாயகன் தன் மகளின் பெயர் இருக்கக்கூடாதே என்று ஓடி ஓடித் தேடும் காட்சியைக்கூட விடவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு அம்மாமார் தெருவில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காட்சி எங்களுக்கு எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் படம் போடுபவருக்குத் தெரியாதா? அதற்காகத்தான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

இடையில் எழும்பிப் போய் ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "சண்டையெல்லாம் இருக்குத்தானே தம்பி? இழுவையைத்தான் எடுத்துவிட்டனாங்கள்" என்றார். முழுப்படம் என்று போட்டுத்தானே காசு வாங்கினீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு வந்த ஒரு அப்பாவும் கேட்டார், அவருக்கும் அதே கதைதான். காசைத் திருப்பித் தரச் சொல்லி இரவு செய்தி அனுப்பினேன். என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால், அந்த நோட்டீஸிலேயே எல்லாம் இருந்திருக்கிறது. இன்பினிட்டி வோர் 149 நிமிடம், எண்ட்கேம் 181 நிமிடம். இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணித்தியாலம். அவர்கள் போட்டிருந்தது பிற்பகல் 2.00 முதல் 6.30 வரை, அதுவும் அரை மணி இடைவேளையோடு. ஒன்றரை மணித்தியாலத்தை வெட்டப்போகிறோம் என்று முன்னமே முடிவெடுத்துத்தான் நேரம் போட்டிருக்கிறார்கள். ஆர்வத்தில் நான் கூட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். வங்கி ஸ்லிப்பையும் நோட்டீஸின் ஸ்கிரீன்ஷொட்டையும் எறிந்துவிடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லலாம். நான் என்னிடமுள்ள இரண்டையும் வைத்துத்தான் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். அன்றைக்கு வந்த வேறு யாரிடமாவது ஸ்லிப் இருந்தால் நீங்களும் கொடுங்கள், தனியே ஒரு ஆள் சொல்வதை விட அது பலம்.

நேற்று அதே ஆட்களிடமிருந்து வேறு பெயரில் இன்னொரு நோட்டீஸ் வந்திருக்கிறது. டூம்ஸ்டே என்ற அடுத்த அவெஞ்சர்ஸ் படம் வர முதல் பழைய படங்களைப் பார்த்துவிடுங்கள் என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். இந்தத் தடவை 2012 படமும் சேர்த்து மூன்று படம், ஆளுக்கு 2,000 ரூபா. மூன்றுக்கும் சேர்த்து 473 நிமிடம், அதாவது எட்டு மணித்தியாலத்துக்கு ஏழு நிமிடம்தான் குறைவு. நோட்டீஸில் போட்டிருக்கும் நேரம் காலை 10.00 முதல் மாலை 4.00 வரை, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையும் அதற்குள்தான்.