500 வில்லைப் போக்கர் பெட்டி: பொருள் தரம், கையேடு ஆழம் போதாது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்து, மீன்வளத் துறை கடலுக்குச் செல்ல அனுமதி டோக்கன் வழங்காத நாட்களில், ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊரில் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் நங்கூரமிட்டு நிற்கும். படகு உரிமையாளர் இருவர் உட்பட எங்கள் அறுவருக்கும் அன்றைய மாலை முழுவதும் மிச்சம். முன்பு ஆளுக்கொரு கைப்பேசியில் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். 2025 ஆகஸ்டில் இணையப் பண விளையாட்டுகளுக்கு நடுவண் அரசு சட்டப்படி தடை விதித்த பிறகு, காசு வைக்காமல் வீட்டிலேயே ஆடலாம் என்று முடிவு செய்து நான் வாங்கியதுதான் இந்தப் பெட்டி. விலை 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தோற்றவர்தான் எல்லோருக்கும் இஞ்சித் தேநீர் போட வேண்டும் என்பதைத் தவிர வேறு பந்தயம் கிடையாது. பந்தயம் கட்டக் காசுக்குப் பதிலாக வைக்கும் வட்டுகளைத்தான் போக்கரில் சிப்ஸ் என்பார்கள். ‘சிப்ஸ் வந்திருக்கிறது’ என்று நான் சொன்னதைக் கேட்டு அண்ணன் மகள் தட்டோடு வந்து நின்றதால், இங்கே வில்லை என்றே எழுதுகிறேன்.

வில்லைகளில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒவ்வொன்றும் 11.5 கிராம், உள்ளே உலோகத் தகடு இருப்பதால் கையில் கனம் தெரிகிறது, அடுக்கினால் சரிவதில்லை. 1, 5 மதிப்பில் தலா 150 வில்லைகள்; 25 மதிப்பில் 100 வில்லைகள்; 100, 500 மதிப்பில் தலா 50 வில்லைகள் என ஐந்து நிறங்களில் உள்ளன. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 1, 2 என்று வைத்துக்கொண்டு ஆளுக்கு இருபது ஒன்றுகள், பதினாறு ஐந்துகள், பன்னிரண்டு இருபத்தைந்துகள் கொடுத்தால் 400 ஆகிறது. அதாவது பெரிய பிளைண்டைப் போல 200 மடங்கு. ஆறு பேருக்குப் பங்கிட்ட பிறகும், முழுவதையும் இழந்தவர் மறுபடி வாங்கிக்கொள்ளப் பெட்டியில் ஏராளமாக மிஞ்சுகிறது. கையிருப்பு ஆழமாக வைத்து ஆட விரும்புபவர்களுக்கு இந்தப் பங்கீடு மிகப் பொருத்தமானது.

சிக்கல் உடன் வந்த கையேட்டில்தான். அது ஆளுக்கு 100, அதாவது 50 பெரிய பிளைண்ட், என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தன் அறிவுரைகள் அந்த அளவுக்குத்தான் பொருந்தும் என்று எந்தப் பக்கத்திலும் எச்சரிக்கவில்லை. மேசையிலுள்ள மிகப் பெரிய சீட்டோடு ஜோடி சேர்ந்து, துணைச் சீட்டும் (கையிலுள்ள மற்றொரு சீட்டு) பெரிதாக இருந்தால் பின்வாங்கக் கூடாது என்கிறது. அதை நம்பி நான் ஆடிய ஆட்டம் இது. என்னிடம் ஏஸும் ராஜாவும் இருந்தன. 6 வைத்து ரைஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை உயர்த்தினேன். டீலர் பட்டனில் (ஃபிளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் இடம்) இருந்த நண்பர் மட்டும் கால் செய்தார், அதாவது அதே தொகையை வைத்தார். மடங்கிய பிளைண்டுகளையும் சேர்த்து, நடுவில் குவிந்த பந்தயத் தொகையான பாட் 15 ஆனது. ஃபிளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) ஏஸ், எட்டு, மூன்று விழுந்தன. பாட் அளவுக்கே 15 கட்டினேன், நான்காம் பொதுச் சீட்டான டர்னில் 45, ஐந்தாவதான ரிவரில் 135. அவர் ஒவ்வொரு முறையும் பேசாமல் கால் செய்துவந்து, கடைசியில் என்னிடம் எஞ்சியிருந்த 199-க்கும் சேர்த்து ரைஸ் செய்தார். நானும் வைத்தேன். அவர் காட்டியது இரண்டு மூன்றுகள்; மேசையிலிருந்ததோடு சேர்த்து மூன்று மூன்றுகள், என் ஒற்றை ஜோடியைவிட உயர்ந்தவை.

“மச்சான், அந்தப் புத்தகம் வடகடலுக்கு எழுதினது, நீ தென்கடல்ல போய் வலைய எறக்கிட்ட” என்றார் அவர். எங்கள் வடகடலான பாக் விரிகுடாவின் ஆழம் குறைவையும் தென்கடலான மன்னார் வளைகுடாவின் ஆழத்தையும் அறிந்தவர் சொன்ன அந்த ஒரு வரி, கையேட்டின் எல்லாப் பக்கங்களையும்விடப் பயன்பட்டது. கணக்கும் அதையேதான் சொல்கிறது. கையில் 100 மட்டும் இருந்திருந்தால் டர்னிலேயே 66 உள்ளே போயிருக்கும். ரிவருக்கு மிஞ்சுவது 34, அதற்காகப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. 400 இருக்கும்போதோ மூன்று சுற்றிலும் பாட் அளவுக்குக் கட்டிய பிறகும் ஏறத்தாழப் பாதி கையில் நிற்கிறது. அந்தப் பாதியையும் ஒருவர் துணிந்து கேட்கிறார் என்றால், ஒற்றை ஜோடி அவருக்கு ஈடாவது அரிது.

அதன் பிறகு எங்கள் ஆட்டம் மாறியது. ஒற்றை ஜோடி இருந்தால் மூன்று சுற்றிலும் கட்டாமல், ஒரு சுற்றில் எதுவும் கட்டாமல் செக் செய்து பாட்டைச் சிறிதாக வைத்துக்கொள்கிறோம். கையேடு ஒதுக்கச் சொல்லும் சிறிய ஜோடிகளை பிறருக்குப் பின் பேசும் நல்ல இடத்தில் அமர்ந்திருந்தால் கால் செய்கிறோம். ஃபிளாப்பில் அதே சீட்டு இன்னொன்று விழுவது ஏறக்குறைய எட்டரை தடவைக்கு ஒரு முறைதான் என்றாலும், விழும்போது எதிராளியிடம் ஆழமான கையிருப்பு இருந்தால் இழந்தவை அனைத்தும் ஒரே ஆட்டத்தில் திரும்பலாம். ஒரே இனத்தில் ஏஸோடு வரும் சீட்டுகளுக்கும் மதிப்புக் கூடிவிட்டது, ஏனெனில் அவை ஃபிளஷ் (ஒரே இனத்தின் ஐந்து சீட்டுகள்) ஆனால் அதைவிட உயர்ந்த ஃபிளஷ் வேறொருவரிடம் இருக்க முடியாது. சின்ன ஃபிளஷை வைத்து முழுக் கையிருப்பையும் இழந்தவர் எங்களில் இருவர். பெயர் சொன்னால் வருத்தப்படுவார்கள். முதலில் பேச வேண்டிய இடத்தில் இருக்கும்போது முன்பைவிடக் குறைவான சீட்டுகளோடுதான் இறங்குகிறோம்.

கையேடு சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. உங்களிடம் 400 இருந்து எதிரே இருப்பவரிடம் 60 மட்டுமே இருந்தால், உங்கள் இருவருக்கும் இடையே ஆழம் 60-தான். அவரோடு ஆடும்போது மட்டும் கையேட்டின் அறிவுரை ஓரளவு சரியாக வருகிறது.

மற்றவை சுருக்கமாக: உடன் வந்த இரண்டு காகிதச் சீட்டுக்கட்டுகள் உப்புக் காற்றின் ஈரத்தில் ஒரே வாரத்தில் உப்பிப்போயின; பிளாஸ்டிக் கட்டுத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. அலுமினியப் பெட்டியின் கொக்கித் திருகாணிகளில் துரு ஏறுவதால் மாதம் ஒருமுறை எண்ணெய் விடுகிறோம். வில்லைகள் மட்டுமே 5.75 கிலோ என்பதால், பெட்டியைத் தூக்கும்போது கைப்பிடியை மட்டும் நம்பாமல் அடியிலும் ஒரு கை கொடுப்பது நல்லது.