பச்சை விளக்கை நம்பி 86,500 ரூபாயை இழந்தேன்

இன்று காலைதான் விஷயம் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை அண்ணா நகரில் சிறிய பெண்கள் விடுதி நடத்துகிறேன். 2024 செப்டம்பரில் கட்ராபாளையம் விடுதித் தீயில் இரண்டு பெண்கள் இறந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சேர்த்து வைத்திருந்த 86,500 ரூபாயைக் கொட்டிப் புகை எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தினேன். கடைப் பெயரை எழுத மாட்டேன், வழக்குப் போடுவார்கள். கண்காணிப்புக் கேமராவும் தீயணைப்பு சிலிண்டரும் விற்கும் கடை, அவ்வளவுதான்.

வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றினார், மீனாட்சி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வேலை முடிந்ததும் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி, வரவேற்பறைக் கூரையில் இருந்த கருவிக்கு நேரே பிடித்தார். ஹூட்டர் அலறியது, மாடியிலிருந்து பிள்ளைகள் பதறி ஓடி வந்தார்கள். "இனி நிம்மதியாகத் தூங்குங்கள் அக்கா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். காபி வேறு.

போன வாரம் இரண்டாம் மாடியில் இஸ்திரிப் பெட்டிக்கடியில் போர்வை கருகி, நடை முழுவதும் புகை. மணி அடிக்கவேயில்லை. கருவிகளையெல்லாம் கண்காணிக்கும் பேனல் பெட்டியில், எல்லாம் சரி என்று பச்சை விளக்கு அது பாட்டுக்கு எரிகிறது. கடைக்குப் போன் செய்தேன். "தூசி அடைத்திருக்கும், துடையுங்கள்." மறுநாள், "சர்வீஸ் பையன் திண்டுக்கல் போயிருக்கிறான்." அதற்கும் மறுநாள், "அந்த அளவு புகைக்கெல்லாம் அடிக்காது அக்கா." ஊதுபத்திக்கு அடித்ததே என்றேன். போனை வைத்துவிட்டார்.

இன்று தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். 12 கருவிகளில் வயர் இருந்தது மூன்றுக்குத்தான், அதுவும் கீழ்த்தளத்தில். மற்ற ஒன்பதும் கூரையில் திருகிய வெறும் கிண்ணங்கள். வயர் வரிசையின் கடைசியில் ரெசிஸ்டர் என்ற சிறிய மின்தடை ஒன்றை மாட்ட வேண்டுமாம். நடுவில் எங்கே அறுந்தாலும் பேனல் கோளாறு காட்டுவது அதனால்தான். அதைப் பேனலுக்குள்ளேயே மாட்டிவிட்டால், வயரே இல்லாத மாடியும் நலமாக இருப்பதாகக் காட்டும். திருடனைக் காட்டிக்கொடுக்க வைத்ததையே கூட்டாளியாக்கியிருக்கிறார்கள்!

நேரில் போனேன். வாரண்டி முடிந்து 11 நாள் ஆகிறதாம். இல்லாத வயருக்கு ஏது வாரண்டி? 86,500 ரூபாய்!

விவரமாக யோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. ஒன்றுவிடாமல் எல்லாக் கருவிக்கும் புகை காட்டச் சொல்லுங்கள். எதையாவது ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பேனல் கத்த வேண்டும். அதுவரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்றிரவு இரண்டாம் மாடி நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.