அசையும் சீட் போஸ்ட்டுக்கு எந்தப் பை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் செம்மண் சாலையில், லோரிகள் பறித்துப்போட்ட குழிகளுக்கு அஞ்சியே என் சைக்கிளுக்கு அதிர்வு தாங்கும் சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டு, பொருத்தினேன். சீட்டுக்கடியில் தொங்கும் பையும் இனி அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

மலிவாகக் கிடைப்பது வெல்க்ரோ பட்டைப் பை. அதன் இரண்டு பட்டைகள் சீட்டின் அடியில் நீளும் கம்பிகளிலும், மூன்றாவது போஸ்ட்டிலும் சுற்றிக்கொள்ளும். அசையாத போஸ்ட்டில் பையை ஆடாமல் பிடிக்கும் அந்த மூன்றாவது பட்டையே இங்கு வில்லங்கமாகிறது. குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்த போஸ்ட் வகையில், இறங்கும் தண்டின்மேல் கட்டினால் பட்டை அதன் ஓட்டத்தைத் தடுப்பதோடு, தன்மேல் ஒட்டிய மண்ணால் வழவழப்பான தண்டைத் தேய்க்கவும் செய்யும். போஸ்ட்டின் அசையாத கீழ்க்குழாயில் கட்டினாலோ குழிக்குக் குழி பை இழுபடும். நான்கு மூட்டுகளில் மடங்கும் போஸ்ட் வகையில் சீட் கீழே மட்டுமன்றிப் பின்னாலும் நகர்வதால், பட்டையின் நுனி மூட்டுக்குள் சிக்கும். என் பழைய பையின் வெல்க்ரோ கொக்கிகளில் செம்மண் அப்பி, அது ஒட்டுவதையே விட்டுவிட்டது.

சீட்டுக் கம்பிகளில் மட்டும் திருகி இறுக்கும் கிளிப்பில் மாட்டும் பை சற்று விலை கூடியதுதான். ஆனாலும் போஸ்ட்டைத் தொடாததால் என் தேர்வு அதுவே. பசியாறக் கடையில் நிறுத்தும்போது பையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோகவும் முடிகிறது. வாங்குமுன், போஸ்ட்டின் தலைப்பகுதிக்குப் பின்னால் கிளிப் உட்காரக் கம்பியில் இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பையானாலும் டயருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை, சீட்டில் யாரும் அமராதபோது அளக்க வேண்டும். கேன் கிரீக் நிறுவனத்தின் தட்பஸ்டர் என்ற அதிர்வு தாங்கும் போஸ்ட்டில் குட்டை வகை 50 மில்லிமீட்டரும் நெட்டை வகை 90 மில்லிமீட்டரும் இறங்கக்கூடியவை. ஆகவே 70 மில்லிமீட்டர் இடைவெளி முன்னதற்குப் போதும். பின்னதிலோ பெரிய குழியில் டயர் பையின் அடியை உரசிவிடும்.

பத்து லிட்டருக்கு மேற்பட்ட நீளப் பைகள் போஸ்ட்டை இறுகப் பற்றியே நிற்பவை என்பதால் அவற்றை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவ்வளவு சுமை இருந்தால் சைக்கிள் சட்டத்தின் முக்கோணத்துக்குள் மாட்டும் பைதான் பொருந்தும். என் கிளிப் பையில் ஒரு டியூப், டயரைக் கழற்ற இரண்டு லீவர், திருகுகளுக்கான ஆலன் சாவிகள் அடங்குகின்றன. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்துக்கு அதில் இடமில்லை. அது ஹேண்டல்பாரில்தான் தொங்குகிறது.