ஜவ்வுக்கு ஒரு நாடாக் கட்டில்: ஏழு மாத அனுபவம்

எங்கள் நாயின் பெயர் ஜவ்வரிசி. செம்பட்டை உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். சேலத்துக்காரி வேறென்ன பெயர் வைப்பேன்? கூப்பிடுவது ஜவ்வு. பெயருக்கேற்ப ஒட்டிக்கொள்வான். எனக்கு அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லிங் வேலை. மாலை ஆறரையிலிருந்து விடியற்காலை மூன்றரை வரை, சூரமங்கலம் வீட்டிலிருந்தே. தெருவில் வளர்ந்த நாய்க்கும் அதுதானே ஷிப்ட்! சிக்கல் என்னவென்றால், அவன் ஒட்டிக்கொள்ளும் இடம் என் சுழல் நாற்காலியின் சக்கரங்களுக்கு நடுவே. இரண்டு தடவை வால் நசுங்கி, அழைப்பில் இருக்கும்போதே அலறியிருக்கிறான்.

ஆன்லைனில் வாங்கிய பஞ்சு மெத்தையை அவன் சீந்தவே இல்லை. அவன்மீது தப்பில்லை. எங்களுடையது மேற்குச் சுவர் அறை. ஏப்ரலில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அதைப் போய்ப் பஞ்சில் படு என்றால்?

அப்போதுதான் பாட்டி வீட்டு நாடாக் கட்டில் நினைவுக்கு வந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் சட்டம் அடித்துத் தந்தார்கள். நாடா பின்ன, பக்கத்திலேயே ஒரு பெரியவர்.

“எந்தக் குழந்தைக்குங் கண்ணு?”

“குழந்தைக்கு இல்லீங்க. நாய்க்கு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “எத்தனை கிலோ இருக்கும்? நகம் மாட்டுனா இழுத்துப் பிச்சுப்புடும், நெருக்கமாப் பின்றேன்” என்றார். மூன்றடிக்கு இரண்டடி, ஒன்பது அங்குல உயரம், பச்சையும் வெள்ளையுமாக நைலான் நாடா. எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய்.

முதல் நாலு நாள் ஜவ்வு கட்டிலுக்கு அடியில்தான் படுத்தான். ஐந்தாம் நாள் என் பழைய துண்டை, துவைக்காமல், அதன்மேல் விரித்தேன். நாலு காலும் மேலே வந்தால் வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு. ஒரு வாரத்தில் இடம் அவனுடையதாகிவிட்டது.

நான் எதிர்பாராதது அதற்கப்புறம் நடந்தது. தரையில் கிடந்தபோது அவனைத் தொட நான் குனிய வேண்டும். குனிந்தால் ஹெட்செட் நழுவும். இப்போது என் இடது கை தொங்கினால் அவன் தலை. இன்சூரன்ஸ் கம்பெனி என்னை நாற்பது நிமிடம் காத்திருப்பில் போட்டுப் பாட்டுக் கேட்கவைக்கும் இரவுகளில், காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தபடியே இருப்பேன். வாயைத் திறந்து அதட்ட முடியாத வேலை என்பதால் எங்களுக்குள் எல்லாம் கைப்பேச்சு. உள்ளங்கை கீழே போனால் படு, ஒரு விரல் தூக்கினால் இரு. ஹெட்செட்டை ஆணியில் மாட்டும் ‘டக்’ சத்தம் கேட்டால் போதும், சோம்பல் முறித்து எழுந்து வாசல் கதவருகே போய் நிற்பான்.

இவ்வளவு ஒட்டுதலுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பயிற்சிக்காக இரண்டு நாள் அலுவலகம் போனேன். அவன் ஊளையிட்டதில் பக்கத்து வீட்டக்கா அம்மாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அதிலிருந்து தினமும் அரை மணி நேரம், அவனைக் கட்டிலில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நான் மாடிக்குப் போய்விடுகிறேன். முதலில் ஐந்து நிமிடத்தில் தொடங்கினேன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, குறைகள். கால்களுக்கு ரப்பர் புஷ் கேட்டு வாங்குங்கள், நான் மறந்துவிட்டேன். டைல்ஸில் குழாய் உரசிய கிறீச்சில் மேலாளர் “அங்கே என்ன சத்தம்?” என்று கேட்டார். நாலாம் மாதம் நடுவில் நாடா தொய்ந்தது, இழுத்துக் கட்ட 150 ரூபாய். கட்டில் மடங்காது, காரில் ஏறாது. ஏற்காட்டுக்குப் போனபோது விட்டுவிட்டுத்தான் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தவன், மேலே அறைக்குப் போயும் அடங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தான். அந்தப் பழைய துண்டைத் தரையில் போட்டதும் படுத்துவிட்டான். 1,650 ரூபாயில் எவ்வளவு துண்டுடைய வேலை என்று எனக்கே சந்தேகம்தான். இருந்தாலும் வீட்டில் துண்டைத் தரையில் விரித்தால் படுப்பதில்லை; கட்டில் மேலே வேண்டும்.

அளவு கொடுக்கும்போது நாய் சுருண்டு படுத்திருப்பதை அளக்காதீர்கள், காலை நீட்டிக் கிடக்கும்போது அளந்து கொடுங்கள். நான் சுருண்டிருந்தபோது அளந்தேன். ஜவ்வுவின் பின்னங்கால் இரண்டும் இப்போதும் சட்டத்துக்கு வெளியேதான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.