பீட்டிலுக்கு இன்ஷூரன்ஸ்: கிளெய்ம் அருமை, படிவம் கொடுமை

பழைய மினி கார் ஒன்றை வாங்கிய நண்பர், "உங்க பீட்டிலுக்கு மட்டும் எப்படிக் குறைஞ்ச பிரீமியத்துல பாலிசி கிடைச்சுது?" என்று கேட்டார். போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது, எழுதியே அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். வண்டியின் பின் மட்கார்டு கிளெய்மில் சரியாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதனால் அந்தக் கம்பெனியைப் பாராட்டவும் காரணம் கையில் இருக்கிறது, திட்டவும் இருக்கிறது.

வண்டி ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1970 மாடல், 1300 சிசி இன்ஜின். மற்றதெல்லாம் பீட்டில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததே. என் கைக்கு வந்தபின் செய்த மாற்றங்கள் மூன்று. முன் சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன், பின்சீட்டுக்கு மூன்று முனை சீட் பெல்ட். இன்ஜின் பக்கம் கை வைக்கவில்லை, குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் எல்லோரையும் போல அன்றாடக் காருக்கு எடுத்திருந்த கம்பெனியிலேயே கேட்டேன். அவர்கள் கணக்கில் கார் என்பது வருஷா வருஷம் தேயும் பொருள். இத்தனை வருஷம் தேய்ந்த பிறகு என் வண்டியின் மதிப்பு கிட்டத்தட்ட இரும்புக் கடை விலை. அந்த மதிப்புக்கு முழுக் காப்பீடு எடுத்தால் பிரீமியம் குறைச்சல்தான். ஆனால் ஒரு கதவு நசுங்கினாலே பழுதுச் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். உடனே 'மொத்த இழப்பு' என்று எழுதி, சொற்பத் தொகையைக் கையில் கொடுத்து, வண்டியை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஓடுகிற வண்டி காகிதத்தில் செத்துப்போகும்.

அதற்கும் முன்னால் இணையப் படிவமே உள்ளே விடவில்லை. சேசிஸ் எண்ணுக்கு 17 இடம் கேட்டது. அந்த 17 இட முறை 1981 மாடல்களிலிருந்துதான் நிலைபெற்றது. என் பீட்டிலில் இருப்பது பத்தே இலக்கம், அதுவும் பின்சீட்டைத் தூக்கினால் தரையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மேட்டின் மேல் பொறித்திருக்கும். படிவம் அதைப் 'பிழை' என்று சிவப்பில் காட்டியது. முன்னால் ஏழு பூஜ்யம் போடச் சொன்னார் உதவி எண்ணில் பேசியவர். இல்லாத எண்ணுக்குப் பாலிசி எடுத்தால் கிளெய்ம் நாளில் என்ன ஆகும் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் போதுமே என்பார்கள். பீட்டிலுக்குப் போதாது. பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடி தொலைந்துபோன வண்டியில் கனமான ஆள் உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனைகளில் பட்டுப் பொறி பறக்கும். பின்னால் இன்ஜினில் வெடித்துப்போன பழைய பெட்ரோல் ஹோஸ் ஒன்று போதும். இன்ஜின் பெட்டியோ மெக்னீசியம் கலவை, ஒருமுறை பிடித்தால் அவ்வளவு லேசில் அணையாது. மூடியும் ஹோஸும் என் வண்டியில் சரியாகவே இருக்கின்றன. இருந்தாலும் தீ, திருட்டு இரண்டுக்கும் காப்பு இல்லாமல் இந்த வண்டியை நிறுத்திவைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஆக, பழைய வண்டிகளுக்கென்றே இருக்கும் கம்பெனிகளிடம் போனேன். இங்கே விஷயமே வேறு. 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று ஒரு முறை. வண்டியின் படங்கள், பழுதுபார்த்த ரசீதுகள், மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் கொடுத்து இரண்டு தரப்பும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்கிறோம். வண்டி முழுசாகப் போனால் அந்தத் தொகை வரும், தேய்மானம் என்ற பேச்சு கிடையாது. நண்பர் இங்கே ஒரு இடத்தில் உஷாராக இருக்கவேண்டும். 'அறிவித்த மதிப்பு' என்று இதைப் போலவே ஒலிக்கும் இன்னொன்றை விற்கிறார்கள். அதில் நாம் சொன்ன தொகைக்குப் பிரீமியம் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும்போது மட்டும், சொன்ன தொகை, சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதுதான். விளம்பரத்தை விட்டுவிட்டு, பாலிசி வாசகத்தில் இழப்பீட்டுப் பத்தியைப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். ஒப்புக்கொண்ட தொகையையும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. நல்ல பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது, தொகை மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிடும்.

பிரீமியம்? அன்றாடக் காருக்குக் கட்டுவதில் சிறு பங்குதான். சலுகை எதுவும் செய்யவில்லை அவர்கள், கணக்கு அப்படி. இந்த வண்டியில் யாரும் தினமும் வேலைக்குப் போவதில்லை, மழையென்றால் வெளியே எடுப்பதில்லை, பூட்டிய ஷெட்டில் தூங்குகிறது. வீட்டில் வேறொரு கார் உண்டு என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். வருஷத்துக்கு இவ்வளவு தூரம்தான் என்று வரம்பும் உண்டு. வரம்பைக் குறைத்தால் பிரீமியம் குறையும். ஏதாவது கிளப்பில் உறுப்பினர் என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கும். வண்டியைப் பிரித்துப்போட்டு மாதக்கணக்கில் வேலை பார்க்கப்போகிறீர்கள் என்றால், ஓடாத காலத்துக்குத் தீயும் திருட்டும் மட்டும் காக்கிற பாலிசியும் இருக்கிறது.

இதுவரை எல்லாம் சரி. இனிதான் வயிற்றெரிச்சல்.

ஒவ்வொரு ரினிவலிலும் ஒரு கேள்வி வரும். வாகனம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே உள்ளதா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். 'இல்லை' என்று தட்டினால் அடுத்த பக்கம் திறக்கும். டர்போ, நைட்ரஸ், தாழ்த்திய சஸ்பென்ஷன், பெரிய இன்ஜின் என்று நீளும் பட்டியலின் நடுவே 'பிரேக் அமைப்பில் மாற்றம்'. அதைத் தட்டியவுடன் பிரீமியம் ஏறும். வண்டியை வேகமாக ஓடவைத்தவனும் நிற்கவைத்தவனும் ஒரே பட்டியல், ஒரே லோடிங், அதாவது கூடுதல் பிரீமியம். சீட் பெல்ட்டுக்குத் தனியாக 'உட்புற மாற்றம்' என்று ஒரு வரி. மூன்று முனை பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் 1959ல் கொண்டுவந்தார். என் வண்டியைவிட மூத்தது அது.

டிஸ்க் பிரேக் நான் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவைத்த அந்நியப் பொருளும் இல்லை. 1966 ஆகஸ்டில் வந்த 1500 பீட்டிலுக்கு ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகனே முன் டிஸ்க் போட்டுக் கொடுத்தது. அதே குடும்பத்துப் பாகங்கள்தான் என் வண்டியில் போல்ட் போட்டு ஏறியிருக்கின்றன. இதை எழுதி, பாகப் பட்டியலின் படத்தையும் இணைத்து அனுப்பினேன். 'உங்கள் வாகனம் 1300 என்பதால் இது மாற்றமே' என்று பதில் வந்தது. இலக்கணப்படி சரிதான், மறுக்க முடியவில்லை. அதனால்தான் எரிச்சல் கூடுகிறது.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கை யார் மாட்டினார்கள், எப்படி மாட்டினார்கள் என்று கம்பெனிக்குத் தெரியாது. மாஸ்டர் சிலிண்டர் பொருந்தாமல், முன்பின் பிரேக் சமநிலை கெட்டு, அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கிற வண்டிகளை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அப்படி மாற்றியதற்கு நல்ல டிரம்மே மேல். பழைய வண்டி அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபீவாவும், 30 வருஷம் ஆகியிருக்கவேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓடக்கூடாது என்பதோடு, வரலாற்று ரீதியாகச் சரியான நிலையில் காக்கப்பட்டிருக்கவேண்டும் என்றும்தான் சொல்கிறது. கம்பெனிகளும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கும். சரி, சந்தேகம் இருந்தால் இன்ஜினியர் ஒருவரைவிட்டுச் சோதித்து, சான்றிதழ் கேட்கலாமே? கேட்டார்கள், கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். லோடிங் அசையவில்லை.

இந்த நிலையில்தான் நிறுத்தியிருந்த வண்டியின் மேல் ஒருவர் ரிவர்ஸில் வந்து ஏற்றினார். இடது பின் மட்கார்டு உள்ளே போய் டயரைத் தொட்டது, பம்பர் தாங்கி வளைந்தது. நல்லவேளை, பீட்டிலின் மட்கார்டு நான்கும் தனித்தனியாக போல்ட்டில் நிற்பவை. உடம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவே பீடிங் என்ற மெல்லிய பட்டை ஒன்று ஓடும், அவ்வளவுதான். எழுத்தில் எளிது. அத்தனை வருஷம் சேறு குடித்த போல்ட்டுகள் அப்படி நினைக்கவில்லை. ஸ்பானர் போட்டுத் திருப்பினால் உடம்புக்குள் இருக்கும் நட்டும் சேர்ந்து சுற்றியது. டிங்கர் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனியின் சர்வேயர் வந்தார். கணினியில் பாகத்தைத் தேடிவிட்டு 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். மனுஷன் கீழே படுத்துப் பார்த்தார். பின் மட்கார்டு பார்க்க வந்தவர் நேராக முன்னால் போய், இடது முன் சக்கரத்தின் கிரீஸ் மூடியைப் பார்த்தார். பீட்டிலில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்தச் சக்கரத்தின் அச்சுக்குள் புகுந்து வந்து, மூடியிலுள்ள சதுர ஓட்டையில் செருகி, சின்ன பின் ஒன்றில் நிற்கும். சக்கரம் சுற்றினால் மூடி சுற்றும், மூடி சுற்றினால் கேபிள் சுற்றும். "டிஸ்க் மாத்தும்போது ஹப்பும் மாறியிருக்குமே, மீட்டர் ஓடுதா?" என்றார். தூர வரம்பு உள்ள பாலிசிக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. என் டிஸ்க்கைப் பற்றி அந்தக் கம்பெனியிடமிருந்து வந்த ஒரே அறிவுள்ள கேள்வியும் அதுதான். ஓடுகிறது என்று உருட்டிக் காட்டினேன், தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அடுத்தது பாகம். இப்போது புதிதாகச் செய்து விற்கும் மட்கார்டை வாங்கிப் பார்த்தோம். தகடு மெல்லிசு, பம்பர் தாங்கி நுழையும் ஓட்டை விலகியிருந்தது, வளைவும் விளக்குக்குக் கீழே ஒட்டவில்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய அசல் மட்கார்டு ஒன்றைத் தேடிப்பிடித்தார் டிங்கர். அது கனமான தகடு, துருவும் இல்லை. ஆனால் பழைய பாகம். 'புதுப் பாகம் கிடைக்கும்போது பழையது ஏன்?' என்று மறுப்பார்கள் என நினைத்தேன். சர்வேயர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினார், அசலுக்கே அனுமதி வந்தது. அதைத் தேய்த்துத் தயார் செய்த கூலி, பீடிங், பக்கத்து கதவுவரை நிறம் சேர்த்துப் பெயின்ட் அடித்த செலவு எல்லாவற்றையும் கொடுத்தார்கள். தேய்மானம் என்று எதையும் கழிக்கவில்லை, என் டிங்கரை விட்டுவிட்டு அவர்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகச் சொல்லவும் இல்லை. அன்றாடக் காருக்கு நான் பார்த்த கிளெய்ம் எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது.

அந்தச் சந்தோஷம் ரினிவல் கடிதம் வரும்வரைதான். தவறு என் பேரில் இல்லாததால், கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கான போனஸ் அப்படியே இருந்தது, ஒப்புக்கொண்ட மதிப்பையும் ஏற்றித் தந்திருந்தார்கள். கீழே வழக்கம்போல அந்த வரி: பிரேக் மாற்றத்துக்கான லோடிங். போன் செய்தேன். உங்கள் சர்வேயரே சக்கரத்தடியில் படுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாரே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். கணினியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "சார், திரும்ப டிரம்முக்கே மாத்திட்டீங்கன்னா அந்த லோடிங் போயிடும்" என்றார்.

நீண்ட இறக்கத்தில் மீண்டும் மீண்டும் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறைகிறதே என்றுதான் டிரம்மைக் கழற்றினேன். அதைத் திரும்ப மாட்டினால் காசு மிச்சமாம். யோசனை சொல்வது யார்? என் வண்டி எங்கும் மோதாமல் இருந்தால் லாபம் பார்க்கப்போகிற கம்பெனி!

நண்பருக்கு இரண்டு வார்த்தை. உங்கள் மினியில் முந்தைய ஓனர் 998 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு 1275 சிசி வைத்திருக்கிறார் என்றீர்கள். என் டிஸ்க் மாதிரி கிடையாது அது, நிஜமாகவே சக்தி கூட்டிய மாற்றம். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒன்றில்லை என்றால் அதைச் சரிசெய்துவிட்டுப் பாலிசி கேளுங்கள். லோடிங்குக்குப் பயந்து மறைக்கவேண்டாம். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது மொத்தமும் ஒரே கிளெய்மில் போய்விடும், பாலிசியே செல்லாது என்பார்கள். இக்னிஷன் மாதிரி கண்ணுக்குத் தெரியாததையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுத்தில் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள், போனில் சொன்னது சொன்னதோடு போகும். சில கம்பெனிகள் மாற்றங்களுக்கான செலவையும் ஒப்புக்கொண்ட மதிப்பில் சேர்த்துக்கொள்வார்கள். லோடிங் கட்டியே ஆகவேண்டும் என்றால் அதையாவது கேட்டு வாங்குங்கள்.

மதிப்பெண் கேட்டால், அஞ்சுக்கு ரெண்டு. அந்த சர்வேயர் ஒருவருக்கு மட்டும் தனியாக அஞ்சு. இந்தக் கம்பெனியில் எடுக்காதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன். டிஸ்க் போட்டவன் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன். என் பாலிசியா? லோடிங்கோடு சேர்த்து முழுசாகக் கட்டி ரினிவல் பண்ணியாகிவிட்டது. வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டேன், இரண்டிலும் சேசிஸ் எண்ணுக்கு 17 இடம்.