திருப்பத்தில் கேட்ட சத்தம்: சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப் ஒன்றின் வேலை

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது வண்டியின் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று கேட்ட சத்தத்துக்கு வேறோர் இடத்தில் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கையே மாற்றச் சொல்லியிருந்த நிலையில், கோவை சிங்காநல்லூரில் உள்ள இந்தச் சிறிய ஒர்க்‌ஷாப்பின் மெக்கானிக், எதையும் கழற்றுமுன் வண்டியை நிறுத்தியபடியே இருபுறமும் திருப்பிப் பார்த்தார். அப்போது சத்தம் வராததால் சஸ்பென்ஷனின் மேல்முனையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் மீதான சந்தேகம் குறைந்தது. பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி வட்டமடித்தபோது இடப்பக்கம் திருப்புகையில் மட்டும் சத்தம் கேட்கவே, திருப்பத்தின் வெளிப்புறத்தில் வரும் வலப்பக்கச் சக்கரத்துக்கு இன்ஜின் சுழற்சியைக் கடத்தும் வெளி சிவி ஜாயின்ட்டைச் சந்தேகித்தார். அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, ரிம்மின் உட்புறமெங்கும் கிரீஸ் தெறித்திருந்ததை விளக்கடித்துக் காட்டினார். மணல் புகுந்து தேய்ந்த ஜாயின்ட்டைப் புது கிரீஸ் காப்பாற்றாது என்பதால் அதை மட்டும் மாற்றி, புதிய ஆக்சில் நட்டை சரியான இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கினார். உட்கார நிழல்கூட இல்லாத இடம்தான். ஆனால் சோதித்த பிறகே கைவைக்கும் பொறுமை அங்கே இருக்கிறது. மறுபக்கப் பூட்டிலும் வெடிப்பு தொடங்கியிருப்பதால், மழைக்காலத்துக்கு முன் மாற்றச் சொல்லியிருக்கிறார்.